திங்கட்கிழமைதோறும் செத்துக் கிடந்த கார் பேட்டரி: வாட்ச்மேன் தலையில் விழுந்த பழி, உண்மைத் திருடன் சிக்கியது எப்படி?

கார் வெள்ளிக்கிழமை ராத்திரி ஜோராக வந்து நிற்கிறது. சனி, ஞாயிறு யாரும் தொடுவதில்லை. திங்கட்கிழமை விடியற்காலையில் சாவியைத் திருகினால் மூச்சுப் பேச்சு இல்லை!

ஒரு தடவை அல்ல, 3 திங்கட்கிழமை இப்படி நடந்தது. காரைத் தொட்டது யார்? பேட்டரியில் இருந்த கரண்டை "குடித்தது" யார்? இந்த மர்மத்தில் ஒரு வயதான வாட்ச்மேனின் பிழைப்பே போக இருந்தது.

2024-ம் ஆண்டு மழைக்காலம் தொடங்குவதற்கு முன்பு, சென்னை கொளத்தூரில் உள்ள ஒரு அடுக்குமாடி குடியிருப்பில் நடந்த இந்த சம்பவம் பற்றிய விவரம் வருமாறு:-

காருக்கு சொந்தக்காரர் 3-வது மாடியில் குடியிருப்பவர். கிண்டியில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் குமாஸ்தா. கார், கைமாறி வந்த பழைய சின்ன கார். அம்மாவுக்காகத்தான் அதை வாங்கினார். அம்மாவுக்கு சிறுநீரகக் கோளாறு. திங்களும் வியாழனும் காலை 6 மணிக்கு டயாலிசிஸ். ஊசி ஏற்றி, மெஷினில் போட்டு, வெளியே வர 4 மணி நேரம் ஆகும். அந்த 2 நாளும் அவர் மதியத்துக்கு மேல்தான் ஆபீசுக்கு போவார்.

டிக்... டிக்...

முதல் திங்கட்கிழமை. விடியற்காலை 5 மணி. அம்மாவை கைத்தாங்கலாகப் பிடித்து காரில் உட்கார வைத்தார். சாவியைத் திருகினார். "டிக்... டிக்..." என்று சத்தம் வந்தது. டேஷ்போர்டு விளக்கு மங்கி அணைந்தது. அவ்வளவுதான்.

பால் போட வந்த பையனும் பேப்பர் போட வந்த பையனும் சேர்ந்து தள்ளிப் பார்த்தார்கள். பலிக்கவில்லை. கார்புரேட்டர் வைத்த பழைய வண்டியாக இருந்தால் தள்ளிய தள்ளில் கிளம்பியிருக்கும். இப்போதைய வண்டிகளில் பெட்ரோல் பம்பும் கரண்டில்தான் ஓடுகிறது. பேட்டரி அடியோடு போய்விட்டால் எத்தனை பேர் தள்ளினாலும் கஷ்டம்தான்.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு போய் சேர மணி 6.45. அதற்குள் மெஷினை வேறு நோயாளிக்கு கொடுத்துவிட்டார்கள். அம்மா சாயங்காலம் வரை கால் வீங்கிப்போய் பெஞ்சில் படுத்துக் கிடந்தார்.

அன்றே பேட்டரி கடைக்கு போனார். "பழசு சார், மாத்திடுங்க" என்றார்கள். ரூ.4 ஆயிரத்துக்கு மேல் செலவானது. பழைய பேட்டரியை கடைக்காரர் எடுத்துக்கொண்டார். புது பேட்டரி, 35 ஆம்பியர்-மணி கொள்ளளவு, வண்டியில் ஏறியது.

செவ்வாய் முதல் வெள்ளி வரை வண்டி சிட்டாகப் பறந்தது. அடுத்த திங்கட்கிழமை மறுபடியும் "டிக்... டிக்..."!

வாட்ச்மேன் மீது சந்தேகம்

புது பேட்டரியை கடைக்காரர் சோதித்துப் பார்த்தார். சார்ஜ் ஏற்றிக் கொடுத்து, "பேட்டரியில் கோளாறே இல்லை" என்று அடித்துச் சொன்னார். பக்கத்து ஒர்க்ஷாப்பில் என்ஜினை ஓடவிட்டு அளந்தார்கள். 14.2 வோல்ட் காட்டியது. ஓடும்போது சார்ஜ் ஒழுங்காகத்தான் ஏறுகிறது.

பேட்டரியும் சரி, சார்ஜ் ஏறுவதும் சரி. அப்படியானால் நிற்கும்போதுதான் யாரோ கை வைக்கிறார்கள். யார் அந்த ஆசாமி?

சனி, ஞாயிறு ராத்திரிகளில் மட்டும் ஒரு வாட்ச்மேன் வருகிறார். வயது 61. திருவண்ணாமலை பக்கத்து கிராமத்தில் இருந்து வந்தவர். வைகாசி மாதம்தான் வேலைக்கு சேர்ந்தார். அந்த தரைத்தளத்தில் இடம் நெருக்கடி. ஒரு காருக்கு பின்னால் இன்னொரு கார் நிற்கும். பின்னால் உள்ள காரை எடுக்க வேண்டுமானால் முன்னால் உள்ளதை நகர்த்த வேண்டும். அதற்காக எல்லா கார் சாவியும் வாட்ச்மேன் அறையில் ஒரு பலகையில் தொங்கும். ஓட்டத் தெரிந்த குடித்தனக்காரர் யாராவது வாங்கி நகர்த்திக்கொள்வார்கள்.

சாவி அவர் கையில். கார் அவர் காவலில். கோளாறு வருவதும் அவர் வரும் 2 நாளில். வேறு என்ன சாட்சி வேண்டும்?

"ராத்திரி ஏ.சி. போட்டுக்கொண்டு காருக்குள் தூங்குகிறார்" என்று ஒருவர் சொன்னார். "பாட்டு கேட்கிறார்" என்றார் இன்னொருவர். "செல்போனுக்கு சார்ஜ் போடுவதை நானே பார்த்தேன்" என்றார் 2-வது மாடி அம்மாள். வாசல் கேமராவில் கேட் மட்டும்தான் தெரியும், கார் நிற்கும் இடம் தெரியாது.

விசாரித்தபோது வாட்ச்மேன் ஒன்றை மறைக்கவில்லை. "ஒரே ஒரு நாள் செல்லுல சார்ஜ் இல்லை சார். பேத்திக்கு காய்ச்சல்னு போன் வந்துச்சு. உங்க வண்டியில ஒரு அரை மணி நேரம் போட்டேன். தப்புதான். மத்தபடி கதவை நான் தொறந்ததே இல்லை" என்றார்.

ஒன்றை ஒப்புக்கொண்டவர் மற்றதையும் செய்திருப்பார் என்றுதான் ஜனங்கள் நினைப்பார்கள். 3-வது திங்கட்கிழமையும் கார் செத்தது. "ஒண்ணாம் தேதியில் இருந்து வர வேண்டாம்" என்று குடியிருப்போர் சங்கத்தில் சொல்லிவிட்டார்கள்.

புதுப்பேட்டைக்கு...

டயாலிசிஸ் நடக்கும் இடத்தின் வராந்தாவில், மனைவிக்காக காத்திருந்த ஆட்டோ டிரைவர் ஒருவரிடம் குமாஸ்தா இந்த கதையைச் சொல்லி புலம்பினார். "பேட்டரி கடைக்கு ஏன் சார் போறீங்க? ஒயரிங் பாக்குற ஆளுகிட்ட போங்க" என்று அவர் புதுப்பேட்டைக்கு வழி காட்டினார்.

புதுப்பேட்டையைப் பற்றி சென்னைவாசிகளுக்கு சொல்ல வேண்டியதில்லை. கூவம் ஓரத்தில், எழும்பூருக்கு பக்கத்தில், பிரித்துப்போட்ட கார்களின் கதவும் கண்ணாடியும் என்ஜினும் மலை மலையாக குவிந்து கிடக்கும் பேட்டை. அங்கே ஒரு சந்தில், 40 வருடமாக ஆட்டோ எலக்ட்ரீஷியன் வேலை பார்க்கும் ஒரு பாய் இருக்கிறார்.

பாய் உடனே பானெட்டைத் திறக்கவில்லை. டீ வாங்கி வரச் சொன்னார். கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

"திங்கட்கிழமை மட்டும்தான் படுத்துக்குதா?"

"ஆமா பாய்."

"ஏதாச்சும் ஒரு திங்கட்கிழமை கிளம்பியிருக்கா?"

குமாஸ்தா யோசித்தார். ஒரே ஒரு திங்கட்கிழமை கிளம்பியது. அந்த ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்கு காஞ்சிபுரம் போய்விட்டு ராத்திரி 10 மணிக்கு திரும்பினார்கள்.

"அன்னிக்கு ராத்திரி வாட்ச்மேன் இருந்தாரா?"

"இருந்தார்."

"அப்போ அந்த ராத்திரி மட்டும் அவரு ஏ.சி. போட்டு தூங்கலையா?"

குமாஸ்தாவுக்கு பதில் சொல்ல வாய் வரவில்லை.

"செல்போன் சார்ஜுக்கு எல்லாம் பேட்டரி சாகாது சார். முழுசா ஏத்தினாக்கூட ஒண்ணு, ஒண்ணரை ஆம்பியர்-மணிக்கு மேல போகாது. உங்க பேட்டரியில 35 இருக்கு. யானைப் பசிக்கு சோளப்பொரி. இது வேற. ராவும் பகலும் நிக்காம, கொஞ்சம் கொஞ்சமா உறிஞ்சுற ஆளு. வண்டிக்குள்ளேயேதான் உக்காந்துக்கினு இருக்கான்" என்றார் பாய்.

மீட்டர் வைத்து வலை

பாய் வைத்த வலை எப்படி என்பதை வாசகர்கள் தெரிந்துகொள்வது நல்லது. இதற்கு பெரிய மெஷின் எதுவும் தேவையில்லை. சில நூறு ரூபாய்க்கு கிடைக்கும் மல்ட்டி மீட்டர் ஒன்று போதும். பொறுமைதான் அதிகம் வேண்டும்.

முதலில் பேட்டரிக்கு முழு சார்ஜ் ஏற்றினார். ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.2-க்கு வந்தால் பாதி காலி. 12-க்கும் கீழே போனால் அடிமட்டம் தெரிகிறது என்று அர்த்தம்.

பிறகு எல்லா விளக்கையும் அணைத்து, சாவியை எடுத்துவிட்டார். டிரைவர் பக்கத்து கதவைத் திறந்து வைத்து, கதவு ஓரத்தில் இருக்கும் பட்டன் சுவிட்சை டேப் ஒட்டி அழுத்தினார். கதவு மூடியிருப்பதாக வண்டி "நம்ப" வேண்டும். இல்லாவிட்டால் உள்விளக்கு எரிந்து கணக்கை கெடுத்துவிடும்.

பேட்டரியின் நெகட்டிவ் முனையில் இருந்து எர்த் கேபிளை கழற்றினார். கழற்றும்போது எப்போதும் நெகட்டிவைத்தான் முதலில் கழற்ற வேண்டும். பாசிட்டிவில் ஸ்பானர் வைத்து திருகும்போது அது பாடியில் இடித்தால் தீப்பொறி பறக்கும். ஸ்பானர் பழுக்க காய்ந்துவிடும். கழற்றிய கேபிளுக்கும் பேட்டரி முனைக்கும் நடுவே மீட்டரை, 10 ஆம்பியர் துளையில் ஒயரை செருகி, இணைத்தார். வண்டிக்குள் எது கரண்டு குடித்தாலும் இப்போது மீட்டர் வழியாகத்தான் போயாக வேண்டும்.

"இந்த நேரத்துல மட்டும் யாரும் சாவியைப் போட்டு செல்ப் அடிச்சுடாதீங்க. செல்ப் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல இழுக்கும். மீட்டர் பியூஸ் போயிடும்" என்று எச்சரித்தார்.

மீட்டர் முதலில் 2 ஆம்பியருக்கு மேல் காட்டியது. குமாஸ்தா திடுக்கிட்டார். பாய் அசரவில்லை. கேபிளை கழற்றி மாட்டினால் வண்டியில் உள்ள சின்ன கம்ப்யூட்டர்கள் விழித்துக்கொள்ளும். அவை தூங்கப் போக நேரம் பிடிக்கும். சில வண்டிகளில் 10 நிமிடம். சிலவற்றில் அரை மணி, முக்கால் மணி கூட ஆகும். அதுவரை காத்திருக்காமல் மீட்டரை பார்ப்பவர்கள்தான் இல்லாத கோளாறை கண்டுபிடித்து, நல்ல சாமான்களை மாற்றி, வாடிக்கையாளரை மொட்டை அடிக்கிறார்கள்.

அரை மணி ஆனது. இலக்கம் இறங்கி வந்து 0.60-ல் நின்றது. அதற்கு கீழே இறங்கவில்லை.

57 மணி நேரம்

நிறுத்தி வைத்த கார் கொஞ்சம் கரண்டு குடிக்கத்தான் செய்யும். கடிகாரம், திருட்டு அலாரம், ரேடியோவின் ஞாபகம், கம்ப்யூட்டரின் ஞாபகம் எல்லாம் உயிரோடு இருக்க வேண்டுமே! பெரும்பாலான கார்களில் இது 0.05 ஆம்பியருக்குள், அதாவது 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். இந்த காரில் 600 மில்லி ஆம்பியர். 12 மடங்கு!

பாய் சிகரெட் அட்டையின் பின்பக்கம் கணக்கு போட்டார். வெள்ளிக்கிழமை ராத்திரி 8 மணியில் இருந்து திங்கட்கிழமை காலை 5 மணி வரை 57 மணி நேரம். அதை 0.6-ஆல் பெருக்கினால் 34.2 ஆம்பியர்-மணி. பேட்டரியில் இருப்பதே 35! கஜானா மொத்தமும் காலி.

மற்ற நாட்களில் ஏன் சாகவில்லை? அப்போதும் குடித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் கொளத்தூரில் இருந்து கிண்டிக்கு போகவும் வரவும் தினமும் 2 மணி நேரம் வண்டி ஓடுகிறது. குடித்ததை என்ஜின் ஓரளவு ஈடுகட்டிவிட்டது. காஞ்சிபுரம் போய்வந்த வாரம் தப்பித்ததும் இதனால்தான். வாட்ச்மேனுக்கும் சனி ஞாயிறுக்கும் உள்ள தொடர்பு வேறு; பேட்டரிக்கும் சனி ஞாயிறுக்கும் உள்ள தொடர்பு வேறு.

குட்டு வெளிப்பட்டது

அடுத்து அடையாள அணிவகுப்பு. ஸ்டீயரிங்குக்கு கீழே உள்ள பெட்டியில் இருந்து பியூஸ்களை ஒவ்வொன்றாக உருவினார்கள். பாயின் உதவியாள் பையன் உருவுவான். பாய் மீட்டரைப் பார்ப்பார். இலக்கம் மாறாவிட்டால் அந்த லைனில் குற்றம் இல்லை. திருப்பி செருகிவிட்டு அடுத்தது.

ஹாரன் பியூஸ்... 0.60. வைப்பர்... 0.60. கதவு பூட்டு... 0.59. உள்விளக்கு... 0.60. குமாஸ்தாவுக்கு வியர்த்தது.

ரேடியோ பியூஸை உருவியதும் மீட்டர் சடாரென்று 0.03-க்கு விழுந்தது!

"ஆளு மாட்டிக்கினான்" என்றார் பாய்.

டேஷ்போர்டில் புதிதாக மாட்டிய பெரிய திரை வைத்த பாட்டு செட் அது. பாய் அதை வெளியே இழுத்து பின்பக்கத்தைப் பார்த்தார். இந்த செட்டுகளுக்கு 2 பவர் ஒயர் உண்டு. மஞ்சள் ஒயர் எப்போதும் பேட்டரியோடு இருக்க வேண்டும். அது ஞாபகத்துக்கு மட்டும். சிவப்பு ஒயரில் சாவி திருகினால்தான் கரண்டு வர வேண்டும். அதுதான் செட்டை எழுப்பும். சாவியை எடுத்தால் தூங்க வைக்கும். இங்கே சிவப்பையும் மஞ்சளையும் சேர்த்து முறுக்கி டேப் சுற்றியிருந்தது!

திரையை அணைத்தாலும் செட் உள்ளே தூங்கவே இல்லை. வெளியே பார்த்தால் இருட்டு. உள்ளே ராவும் பகலும் விழிப்பு.

"யாரு சார் இப்படி சேர்த்து விட்டது?"

குமாஸ்தாவின் முகம் வெளிறியது. அவருக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. வைகாசி மாதம் டயாலிசிஸ் ஆரம்பித்தபோது, 4 மணி நேரம் காரில் தனியாக உட்கார்ந்திருக்க முடியவில்லை என்று இந்த செட்டை வாங்கினார். "சாவி போடாமலே பாட்டு பாடுற மாதிரி செஞ்சு குடுப்பா" என்று கடைப் பையனிடம் கேட்டது வேறு யாரும் இல்லை. அவரேதான்!

வாட்ச்மேன் வந்ததும் வைகாசி. செட் வந்ததும் வைகாசி. எல்லோர் கண்ணுக்கும் முதலாவது மட்டும் தெரிந்தது.

கூலி ரூ.250

சிவப்பு ஒயரை பிரித்து, சாவி லைனில் சேர்க்க கால் மணி நேரம். கூலி ரூ.250. தூக்கிக் கொடுத்த பழைய பேட்டரியே இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருக்கலாம் என்று பாய் சொன்னபோது குமாஸ்தா தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் ஒன்று. பேட்டரியை அடிக்கடி அடியோடு காலியாக்கினால் உள்ளே இருக்கும் ஈயத் தகடுகளில் உப்பு போல படிந்து கெட்டுவிடும். 2 தடவை செத்துப் பிழைத்த இந்த புது பேட்டரியின் ஆயுளும் கொஞ்சம் குறைந்திருக்கும். சென்னை வெயில் வேறு பேட்டரிக்கு எமன்.

இந்த வகைத் திருடர்கள் பற்றி பாய் கூறியதாவது:-

"எல்லா வண்டியிலும் பாட்டு செட்டுதான்னு நினைச்சுடாதீங்க. டிக்கி விளக்குதான் பெரிய கில்லாடி. டிக்கியை மூடினா அணையணும். சுவிட்ச் கெட்டுப்போனா மூடின பிறகும் எரியும். வெளியே யாருக்கும் தெரியாது. 5 வாட் பல்புதான். ஆனா நாலு நாளைக்குள்ள 35 ஆம்பியர் பேட்டரியை தின்னுடும். செல்போன்ல வீடியோவை ஓடவிட்டு டிக்கிக்குள்ள வச்சு மூடுங்க. அரை நிமிஷம் கழிச்சு எடுத்துப் பாருங்க. குட்டு தெரிஞ்சிடும்.

முன்னாடி சாமான் வைக்கிற பெட்டியில விளக்கு இருந்தா அதுவும் இதே கதைதான். கண்ணாடியில ஒட்டுற கேமரா, வண்டி எங்கே போகுதுன்னு பாக்குற கருவி, இதெல்லாம் நேரா பேட்டரியில சேர்த்திருந்தா சந்தேகப்படுங்க. ரிலே ஒட்டிக்கிட்டாலும் குடிக்கும். தொட்டுப் பார்த்தா சூடா இருக்கும். எல்லா பியூஸையும் உருவியும் மீட்டர் இறங்கலைன்னா ஆல்டர்னேட்டர் ஒயரை கழட்டிப் பாக்கணும். உள்ளே டயோடு போயிருந்தா பேட்டரி அது வழியா வடிஞ்சிடும். 2015 வெள்ளத்துல முங்கின வண்டிங்க ரொம்ப நாள் கழிச்சுக்கூட இங்கே வந்துச்சு. கனெக்டர் எல்லாம் பச்சை பூத்துப்போய் இருக்கும்."

இவ்வாறு அவர் கூறினார்.

கோளாறே இல்லாத வண்டியும் நின்றுகொண்டே இருந்தால் சாகும் என்பதை 2020-ம் ஆண்டு ஊரடங்கு காட்டியது. மார்ச் 25-ந்தேதி தொடங்கி வாரக்கணக்கில் கார்கள் அசையாமல் நின்றன. நியாயமான 50 மில்லி ஆம்பியர் கூட ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி. 15 நாளில் சின்ன பேட்டரி பாதி காலி. ஒரு மாதத்தில் முழுவதும் காலி. அம்பாசடர் காலத்தில் இந்த கவலை இல்லை. முன்னால் ஹேண்டிலை செருகி 2 சுற்று சுற்றினால் கிளம்பிவிடும். சுற்றுகிறவருக்கு தோள்பட்டை மட்டும் பலமாக இருக்க வேண்டும்.

அவசரத்துக்கு பக்கத்து காரில் இருந்து கேபிள் போட்டு கிளப்புகிறவர்கள் ஒன்றை கவனிக்க வேண்டும். சிவப்பு கேபிள் பாசிட்டிவுக்கு பாசிட்டிவ். கருப்பு கேபிளின் ஒரு முனை நல்ல காரின் நெகட்டிவில். மறுமுனையை செத்த பேட்டரியில் மாட்டாமல், தள்ளி, என்ஜினில் பெயிண்ட் இல்லாத இரும்பில் கடைசியாக மாட்ட வேண்டும். பேட்டரியில் இருந்து ஹைட்ரஜன் வாயு வரும். பக்கத்தில் பொறி பறந்தால் வெடிக்கும். உள்ளே இருப்பது கந்தக அமிலம். பீடி, சிகரெட்டோடு பானெட்டுக்குள் குனியும் வீரர்களுக்கும் இது பொருந்தும்.

"சாவி மட்டும் வேண்டாம்"

அடுத்த திங்கட்கிழமை விடியற்காலை 5 மணிக்கு சாவியைத் திருகியதும் கார் ஒரே மூச்சில் கிளம்பியது. அம்மா 6 மணிக்கு மெஷினில் ஏறினார்.

அன்று சாயங்காலம் குமாஸ்தா குடியிருப்போர் சங்க செயலாளர் வீட்டுக்கு போய் நடந்ததைச் சொன்னார். செட் மாட்டிய கதையையும் மறைக்காமல் சொன்னார். ஒண்ணாம் தேதிக்கு இன்னும் 4 நாள் இருந்தது. வாட்ச்மேன் பெட்டியை கட்டி வைத்திருந்தார். "நீங்களே தொடர்ந்து இருங்கள்" என்று சங்கத்தில் இருந்து போன் போனது.

சனிக்கிழமை ராத்திரி குமாஸ்தா கீழே இறங்கி வந்தார். "பெரியவரே, தப்பு என்னுதுதான். மனசுல வச்சுக்காதீங்க" என்றார்.

"இருக்கட்டும் சார். அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டார் வாட்ச்மேன். பிறகு பலகையில் இருந்து கார் சாவியை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தார். "உங்க சாவி மட்டும் இனிமே எங்கிட்ட வேண்டாம் சார்" என்றார்.

அதன் பிறகு பின்னால் நிற்கும் காரை யாராவது எடுக்க வேண்டுமானால், ராத்திரி 11 மணி ஆனாலும் 3-வது மாடியில் இருந்து குமாஸ்தாவே இறங்கி வந்து தன் காரை நகர்த்திக் கொடுக்கிறார்.